பாதி மலை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டைச் சுவரை அறுத்துக்கொண்டு சாலை உள்ளே நுழையும். வலது கைப்பக்கம் ஒரு மலை, இடது கைப்பக்கம் இன்னொரு மலை. மலை என்று சொல்வதைவிட, யாரோ டிப்பர் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன பாறைக் குவியல் என்று சொல்லலாம். இடுக்கில் முள்ளும் புதரும், உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டடம்.

அந்த இடம் வந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு இடது பக்கம் கையை நீட்டுவார். "பத்து வயசுல நான் ஏறின மலை." கொஞ்சம் இடைவெளி விட்டு, "மேல ஒரு மரப்பாலம் இருக்கும். கீழ பாத்தா நூறடி பள்ளம். பலகை இடுக்குல தெரியும்." நாங்கள் வளர்ந்த காலம் முழுக்க, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, இந்த இரண்டு வரியும் மாறாமல் வரும். அம்மா கண்ணைத் திறக்காமலே "ஏறினீங்க, ஏறினீங்க" என்பார்.

அப்பாவின் ஊர் தீவனூருக்குப் பக்கம். எனக்கோ அம்பத்தூர். நாற்பத்து நான்கு வயதாகியும் அந்த மலையை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஜனவரியில் குடியரசு தின விடுமுறையை ஒட்டி புதுச்சேரிக்கு ஒரு நடை போனோம். நான், என் கணவர், ஏழாவது படிக்கிற மகன், அப்பா, அம்மா. திண்டிவனத்தில் இருக்கும் அத்தையும் சேர்ந்துகொண்டார். திரும்பும் வழியில் செஞ்சி என்று முடிவு செய்தது என் மகன்தான். காரணம் பீரங்கி. போன வருடம், 2025 ஜூலையில், செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்ததை அவன் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம் பக்கம்.

"மராட்டியக் கோட்டையா? அது தேசிங்கு ராஜா கோட்டை இல்லடா?" என்றார் அப்பா. ஏதோ பட்டா மாறிப்போய்விட்டது போன்ற குரல்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அத்தை சொன்னபடி சீக்கிரமே கிளம்பினோம். அத்தைக்கு அறுபத்தெட்டு. நூல் புடவை, கையில் ஒயர் கூடை. கூடைக்குள் புளிசாதம், ஒரு சீப்பு வாழைப்பழம், கற்பூரம், எலுமிச்சம்பழம். எதற்கு கற்பூரம் என்று கேட்டேன். "மலைக்குப் போறோம், அம்மாளைப் பாக்க வேணாமா?" என்றார். எந்த அம்மாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பா கை நீட்டுகிற அந்த இடது பக்க மலைக்குப் பெயர் ராஜகிரி. அதன் அடிவாரத்தில் முதலில் கண்ணில் படுவது கல்யாண மகால். அடுக்கடுக்காக எழும்பி, தலையில் கூம்புக் கூரை வைத்த கோபுரம். ஒவ்வொரு நிலையிலும் சின்ன அறை ஒன்று, சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம். மேல்நிலைகள் வரை சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் நான்காவது மாடிக்குத் தண்ணீர் வராமல் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதிய என் கணவர், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றார்.

பக்கத்திலேயே நெற்களஞ்சியம். உள்ளே போனால் காது அடைக்கிற மாதிரி குளிர்ச்சி. கூப்பிட்டால் குரல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. மகன் பத்து முறை கூப்பிட்டுப் பார்த்தான். குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் அதே வளாகம்தான். இதில் பெரும்பகுதி விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த செஞ்சி நாயக்கர்கள் கட்டியது. கி.பி. 1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் இந்த மலையில் முதலில் கோட்டை கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதைத் திருத்தி, பெருக்கி, ராஜகிரியோடு சேர்த்து மூன்று மலைகளை வளைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுற்றுக்கு மதில் எழுப்பி, குளம் வெட்டி, களஞ்சியம் கட்டி ஒரு நகரமாகவே ஆக்கியது நாயக்கர் காலம். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை வந்து பிடிக்கும் வரை அவர்கள் கையில்தான் இருந்தது.

ஆனால் பாருங்கள், அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு குழந்தையிடம் கேட்டால்கூட தேசிங்கு பெயரைச் சொல்லும். நாயக்கர் பெயரைச் சொல்ல ஆள் தேட வேண்டும். கட்டியவனுக்குப் பாட்டு கிடையாது, பறிகொடுத்தவனுக்கு விடிய விடியக் கூத்து.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ கூத்து பாத்ததில்ல, அதான் பேசுற" என்றார். அடிவாரத்துப் புல்தரையில் உட்கார்ந்துகொண்டு பேரனுக்குக் கதையை ஆரம்பித்தார். அப்பா கதை சொல்லும்போது கை சும்மா இருக்காது. குதிரை வந்தால் முழங்காலைத் தட்டுவார்.

தேஜ் சிங் என்பதுதான் நம் வாயில் தேசிங்கு ஆனது. பந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திர வம்சம். அப்பன் சொரூப் சிங் 1714இல் இறந்துபோக, பிள்ளை பட்டத்துக்கு வருகிறான். வயது 22. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான், கட்ட வேண்டிய வரிப்பாக்கி எங்கே என்கிறார். எங்களுக்குக் கோட்டையைக் கொடுத்தது டில்லி பாதுஷா, உனக்கு எதற்கு வரி என்கிறான் இவன். சண்டை மூள்கிறது. வரலாறு இவ்வளவுதான் சொல்லும். கூத்துக்காரர்கள் இதற்கு மேல்தான் தொடங்குகிறார்கள். போருக்குப் புறப்படும் முன் சிங்கவரம் மலைக்கோவிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் விடை கேட்கிறான். போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அங்கே போய்ப் பார்த்தால் இன்றும் முகம் ஒருபக்கமாகத்தான் இருக்கிறது. உயிர்த்தோழன் மாவுத்துக்காரன், அதாவது மகபத் கான், தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வருகிறான். கட்டிய மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காத தேசிங்கு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவளிடம் விடைபெறுகிறான். அக்டோபரில் கதை முடிந்துவிடுகிறது. பட்டத்துக்கு வந்து ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் நவாபு ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று சொல்வார்கள்.

"ஜெயிச்சவரே தோத்தவங்க பேர்ல ஊர் கட்டுனாரா?" என்றான் என் மகன்.

"அதாண்டா அந்தக் காலம்" என்றார் அப்பா. அந்தக் காலத்தைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம்.

சரி, ஏறத் தொடங்கினோம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. படிகள் கருங்கல்லில் போட்டவை; ஆனால் நம் வீட்டு மாடிப்படி மாதிரி ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். கால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும், படி வேறு கணக்கு காட்டும். குதிரை ஏறவும் எதிரி மூச்சு வாங்கவும் இப்படிக் கட்டினார்களோ என்னவோ, எனக்கு இரண்டாவது காரணம்தான் உண்மையென்று பட்டது. மகன் படிகளை எண்ணிக்கொண்டே வந்தான். இருநூற்றுச் சொச்சத்தில் ஒரு குரங்கு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. செஞ்சிக் கோட்டையை இன்று உண்மையில் ஆள்பவை அவைதான். மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவர்களின் கையை மட்டும் பார்க்கின்றன. என் கணவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒன்று பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே போட்டது. அத்தையின் கூடைப் பக்கம் ஒன்றும் வரவில்லை. அவர் ஒரு குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே நடந்தார், அவ்வளவுதான்.

அம்மா ஐம்பது படியிலேயே நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் கல்யாண மகால்ல குந்திக்கறேன்" என்று திரும்பிப் போனார். அப்பா வந்தார். எழுபத்து மூன்று வயது, வலது முழங்காலுக்கு உறை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, மலையைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கினார். நானும் மலையைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டேன்.

ஏறும் வழியில், ஏறக்குறைய பாதி மலையில், கமலக்கண்ணி அம்மன் கோவில் இருக்கிறது. அத்தை சொன்ன அம்மாள் இவர்தான். கோட்டையைக் காக்கிற தெய்வம். இந்த மலைக்கு ஒரு காலத்தில் கமலகிரி என்றே பெயர் இருந்திருக்கிறது. மராட்டியர், முகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆள் மாறி ஆள் வந்து கொடியேற்றிப் போன மலையில், குடியிருப்பை மாற்றாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான். சித்திரையில் திருவிழா. சுற்று ஊர்ச் சனம் அன்றைக்கு மலையேறும்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. கல்யாணமான வருடத்திலிருந்து சித்திரைக்குச் சித்திரை வருகிறாராம். எத்தனை முறை ஏறியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரு எண்ணுனா."

"அப்ப உச்சி, பாலம் எல்லாம் பாத்திருப்பீங்க."

"நான் எதுக்கு அங்க போறேன்? அம்மா இங்க இருக்கா. மேல என்னா இருக்கு, இடிஞ்ச சுவரு."

நாற்பது வருடத்துக்கு மேலாக மலையேறுகிறவர் ஒருமுறைகூட உச்சிக்குப் போனதில்லை. எனக்கு வியப்பாக இருந்தது. அவருக்கு என் வியப்புதான் விளங்கவில்லை.

அப்பா பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நீங்க போங்க, நான் பாத்ததுதானே" என்றார். அப்போது அத்தை, கற்பூரத் தட்டைத் துடைத்தபடி, எதையும் போட்டுடைக்கிற எண்ணமே இல்லாமல் சொன்னார்: "இதே பாறைதானே அண்ணா? பள்ளிக்கூடத்துலருந்து கூட்டியாந்தப்ப செருப்பு அறுந்துபோச்சுன்னு நீ குந்தி அழுதது. வாத்தியாரு உன்ன இங்கயே உக்கார வெச்சுட்டு மத்த பசங்களக் கூட்டினு போனாரே. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னியே."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மன் கோவில் சுவரைப் பார்த்தேன். என் கணவர் திடீரென்று ஷூ லேஸ் கட்டினார். மகன் மட்டும், "அப்ப தாத்தா பாலத்த பாக்கலையா?" என்று கேட்டான்.

"டேய், வெயில் ஏறுது, கிளம்பு" என்றார் அப்பா.

மேற்பாதி வேறு மாதிரியான மலை. படிகள் செங்குத்தாகின்றன, வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு வாசலும் நேராக இல்லாமல் திரும்பித் திரும்பிப் போகிறது. யானையை விட்டு முட்ட வேண்டுமென்றால்கூட ஓடி வர இடம் கிடையாது. கடைசியில் பாதை சட்டென்று முடிந்துவிடுகிறது. எதிரே உச்சிப்பாறை தனியாக நிற்கிறது. நடுவில் மலை பிளந்த மாதிரி ஒரு வெட்டு. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது கதை. அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்றால் எத்தனை பெரிய படையையும் நிறுத்திவிடலாம் என்று சொல்வார்கள்.

அப்பாவின் பாலம் இதுதான். இப்போது நிரந்தரமான பாலம், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. நடுவில் நின்று எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் நிழல், புதர், ஒரு சிப்ஸ் பாக்கெட். உள்ளங்கால் கூசியது. பலகை இடுக்கில் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கூடப் படித்த பையன்கள் இறங்கி வந்து சொல்லியிருப்பார்கள். செருப்பு அறுந்த பையன் பாறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகக் கேட்டு வாங்கியிருப்பான்.

உச்சியில் காற்று பேய்க்காற்று. ரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, ஒரு களஞ்சியம், மகனுக்காகவே காத்திருந்த பீரங்கி. அதைத் தொட்டு, தட்டி, ஏறி உட்காரப் போய் என்னிடம் திட்டு வாங்கினான். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். வடக்கே கிருஷ்ணகிரி, இந்தப் பக்கத்தில் ராணிக் கோட்டை என்பார்கள். தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். மூன்றையும் கோத்துக்கொண்டு பச்சைக்கு நடுவே மதில் ஓடுகிறது. எங்கோ கண்ணாடித் துண்டு மாதிரி ஏரிகள்.

யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியர் பெயர் ஏன் என்பது அங்கே உட்கார்ந்தபோது கொஞ்சம் விளங்கியது. 1677இல் சிவாஜி இதைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் போன பிறகு, ஔரங்கசீப்பின் படை மராட்டிய தேசத்தையே கலைத்துக்கொண்டிருந்தபோது, இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து ஒளிந்தது இங்கேதான். ஒளிந்தது என்றும் சொல்ல முடியாது. இங்கிருந்தபடியே அரசு நடத்தினார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாக நழுவிவிட்டார். முற்றுகை நடுநடுவே தளர்ந்தும் இறுகியும் போனதுதான், ஆனாலும் ஏழு வருடத்துக்கு மேல்! மேலே களஞ்சியமும், பாறைக் குழிகளில் தண்ணீரும் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்தக் களஞ்சியத்தைக் கட்டியவர்கள் பெயர் மறுபடியும் பட்டியலில் இல்லை. தேசிங்கு இல்லையென்றால் சிவாஜி. நாயக்கருக்கு என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இது என் சொந்த மனக்குறை, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. முந்தின நாள் மாலை புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களுக்கு முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டோம். அப்பா ஒரு தூணில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்றார். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஏழு வருடம் தாங்கிய கோட்டை, ஓர் இரவு. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். இடையிலோ பிறகோ கீழேயுள்ள வெங்கடரமணர் கோவிலின் ஒற்றைக்கல் தூண்கள் வண்டியேறிவிட்டன. இறங்கும்போது அந்தக் கோவிலையும் பார்க்கலாம் என்றேன். என் கணவரும் மகனும் ஒரே குரலில் முடியாது என்றார்கள்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். முழங்கால் நடுங்குகிறது. கோவிலடியில் அப்பாவும் அத்தையும் இல்லை. கீழே வந்து பார்த்தால், கல்யாண மகால் நிழலில் அம்மா புளிசாதத்தை இலையில் பிரித்து வைத்திருக்க, அப்பா சென்னையிலிருந்து வந்த யாரோ கல்லூரிப் பையன்கள் நான்கு பேருக்கு தேசிங்கு கதை சொல்லிக்கொண்டிருந்தார். முழங்காலைத் தட்டும் இடம் வந்திருந்தது. வலி இருந்ததாகத் தெரியவில்லை.

பையன்கள் போனதும் மகன் செல்போனை நீட்டினான். பீரங்கி, மணிக்கூண்டு, என் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது. அப்பா விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். பாலம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், படத்தைப் பெரிதாக்கினார். கம்பி, அதற்குப் பின்னால் பாறை, கீழே இருட்டு. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

"இது புதுப் பாலம்" என்றார்.

"ஆமா தாத்தா. அப்ப மரப்பாலம்."

"பள்ளம் எவ்வளவு இருக்கும்?"

"அறுபதடின்னு அம்மா சொன்னாங்க."

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். அத்தை அவர் இலையில் இன்னொரு பிடி புளிசாதம் வைத்தார்.

"நடுவுல நின்னு பாத்தியா?" என்று கேட்டார் அப்பா. "கால் கூசுச்சா?"